இருளாயியின் கொல்லைக்கு வந்த கோட்டை வாசல்

சுக்காங்கோட்டையின் கோட்டை வாசல் தன் இடத்தை விட்டுக் கிளம்பி இருளாயி வீட்டுக் கொல்லையில் வந்து நின்ற அன்று, அவள் விடிந்ததும் முருங்கைக்கீரை ஒடிக்கப் பின்கதவைத் திறந்தாள். மரத்துக்குப் பின்னால், அவள் வாக்கப்பட்டு வந்ததிலிருந்து மதிலைத் தவிர வேறெதுவும் இருந்திராத இடத்தில், வாசல் அச்சுப் பிசகாமல் நின்றுகொண்டிருந்தது. குதிரைமேல் வருகிறவன் எவனாயிருந்தாலும் இறங்கிக் குனிந்துதான் உள்ளே வரவேண்டும் என்று எந்தக் காலத்து ராஜாவோ குட்டையாகக் கட்டிவிட்டுப்போன அந்தக் கல்வாசல், தன் சொத்து எதையும் விட்டுவிட்டு வரவில்லை. தலைக்கு மேலே மூக்குடைந்த சுதைக் குதிரை, அதன் வயிற்றுக்கடியில் குளவிக்கூடு, தூணில் பாதி அழிந்த சோப்பு விளம்பரம், மினி பஸ் வரும் நேரங்கள், அரசாங்கத்தார் வைத்த நீலப்பலகை, எல்லாம் கூடவே வந்திருந்தன. இந்தப் புராதனச் சின்னத்தை இடம் பெயர்ப்போர் தண்டிக்கப்படுவர் என்று அந்தப் பலகையில் எழுதியிருந்தது.

இருளாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்பத்தான் இங்க வர வழி தெரிஞ்சுச்சாக்கும்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்ததால், கீரையை ஒடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. சுக்காங்கோட்டையில் வருஷாவருஷம் வாசல் பொங்கல் வைப்பார்கள். ஊர்த் தலைவரான அம்பலம் பொங்கல் பானையைத் தலையில் ஏந்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாசலுக்குள் குனிந்து நுழைந்து அந்தப் பக்கம் போகவேண்டும். அவர் போய்ச் சேரும்வரை ஊரில் ஒரு சத்தம் கேட்கக் கூடாது. பானையை நடுவழியில் இறக்கவும் கூடாது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பொங்கலில், வீரணன் அம்பலம் குனிந்த நேரம் பார்த்து அவருடைய பட்டு வேட்டி அவிழ்ந்து காலடியில் விழுந்துவிட்டது. கையை எடுத்தால் பானை போகும், எடுக்காவிட்டால் மானம் போகும் என்ற நிலைமையில், அம்பலம் பானையைத்தான் காப்பாற்றினார். பச்சைக்கோடு போட்ட டவுசரோடு சாமிக்குப் பொங்கல் சுமந்து போன அந்த மனுஷனைப் பார்த்து ஊரே கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டு நின்றது. இருளாயியின் புருஷன் சடையனுக்கு மட்டும் கடிக்கத் தோன்றவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அவன் சிரிப்பு சாதாரணச் சிரிப்பும் இல்லை, ஆரம்பித்தால் இரண்டு தெரு தாண்டிப் படுத்திருக்கும் நாய் எழுந்து உட்காரும்.

ஊர் கூடியது. சாமி காரியத்தில் சிரித்தவன் வீட்டுக்கு யாரும் போகக் கூடாது, அந்த வீட்டாரோடு யாரும் பேசக் கூடாது, வாசலில் வைத்து ஊர்க்காலில் விழுந்தால்தான் இந்த ஊர்க்கட்டு நீங்கும் என்று சொன்னார்கள். "சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். அழுகை வந்திருந்தா அழுதிருப்பேன். இதுக்கெதுக்கு விழுகணும்?" என்றான் சடையன். மறு வருஷம் மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனான். ஊர்க்கட்டுக்குள் இருக்கிறவன் பிணம் கோட்டை வாசலைத் தாண்டக் கூடாது என்றார்கள், இப்போதாவது நீ விழுந்துவிடு என்று இருளாயிக்கு ஆள்விட்டுச் சொன்னார்கள். விழத்தான் எழுந்தாள் இருளாயி. எழுந்தவள் புருஷன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்து, இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் சிரித்துவிடுவான்போல இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் அவள் பிறந்த ஊரிலிருந்து அண்ணன் தம்பிகள் வந்து, கிணற்றுக் கயிற்றைக் கட்டி, முருங்கை மரத்தை ஒட்டி மதிலுக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கித்தான் சடையனைக் கொண்டுபோனார்கள். வாசல் இருக்க மதில் ஏறுகிறவன் திருடன் என்பது அந்த ஊர்ப் பேச்சு. தன் ஊரிலிருந்து சடையன் திருடனைப்போல வெளியே போனான். அது இருளாயிக்கு நெஞ்சில் ஆறவே இல்லை.

சரியாக அந்த இடத்தில்தான் இப்போது வாசல் வந்து நின்றது.

பழைய இடத்தில் என்ன இருந்தது என்றால், மதில் இருந்தது. பாசி படிந்து, ஓணான் ஓடி, அங்கே என்றைக்கும் ஒரு வாசல் இருந்ததில்லை என்பதுபோல இருந்தது. பால்கேனோடு சைக்கிளில் வேகமாக வந்த ஒருவர் பழக்க தோஷத்தில் அதில் போய் மோதி, பாலெல்லாம் கொட்டி, மதிலைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். வெளியே மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. சாமிக்குக் கோபம் என்றார் பூசாரி. பூமிக்கடியில் ஏதோ நகர்ந்திருக்கிறது என்றார் பள்ளிக்கூடத்து வாத்தியார். இரண்டையும் நின்று கேட்க யாருக்கும் நேரமில்லை. வாசல் ஏன் போனது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வயலுக்கு எப்படிப் போவது என்பதுதான் ஊருக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. ஏனென்றால் இருளாயியின் வீடு இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் நெருக்க, மதிலோடு முதுகு ஒட்டிக் கிடந்த வீடு. தெருவிலிருந்து அந்தக் கொல்லைக்குப் போக ஒரே வழிதான் உண்டு. அவள் முன்கதவில் நுழைந்து, நடுவீட்டைத் தாண்டி, பின்கதவில் இறங்கவேண்டும்.

மதில் ஏறலாம் என்றால் திருடனாகவேண்டும். ஊர் மறுபடியும் கூடியது. நெடுநேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்த வீரணன் அம்பலம் கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"கட்டு என்ன சொல்லுது? அந்த வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு சொல்லுது. அந்த வீட்டுலருந்து வரக் கூடாதுன்னு சொல்லுதா?"

"இல்லங்க" என்றது கூட்டம்.

"முகம் தெருவப் பாத்து இருந்தா அவன் யாரு? வெளிய வர்றவன். அப்பப் பின்னாலயே நடந்து உள்ள போனா, அவன் போறானா வாரானா?"

கூட்டம் கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "வாரான்" என்றது. நடுவீட்டில் நின்று திரும்பினால் அங்கே தங்கியதாக ஆகிவிடும் என்று ஒருவர் எடுத்துச் சொன்னதால், ஆரம்பித்தது ஆரம்பித்தபடியே பின்னுக்கு நடந்தே வாசலையும் தாண்டிவிடவேண்டும் என்று முடிவானது.

மறுநாளிலிருந்து சுக்காங்கோட்டை பின்னால் நடந்தது. மண்வெட்டியோடு போனவர்கள் பின்னால் நடந்தார்கள், மண்ணெண்ணெய் வாங்கப் போனவர்கள் பின்னால் நடந்தார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருவர் புத்தகப்பையை ஒருவர் பிடித்துக்கொண்டு சரம் சரமாகப் பின்னால் நடந்தார்கள், இடுப்புவலிக்காரி ஒருத்தியைக் கட்டிலோடு தூக்கி வந்தவர்களும் கட்டிலைத் திருப்பிப் போட்டு அவளையும் பின்னாலேயே கொண்டுபோனார்கள். மாடுகள் மட்டும் எவ்வளவு அடித்தாலும் சம்மதிக்கவில்லை. மாட்டுக்குக் கட்டு கிடையாது என்று அம்பலம் சொல்லிவிட்டதால், அவை நேராக நுழைந்து, நடுவீட்டில் நின்று, இருளாயி கையால் கழுநீர் குடித்து, சாணியும் போட்டுவிட்டுப் போயின. ஊரில் மரியாதை தெரிந்த ஜென்மம் இதுகள்தான் என்று இருளாயி சாணியை அள்ளிக்கொண்டே நினைத்தாள்.

பின்னால் நடக்கிறவர்களுக்கு ஆட்டுரல் தெரியாது. ஆட்டுரல் தடுக்கிச் சிலர் விழுந்தார்கள், கொடியில் காய்ந்த சேலையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சிலர் போனார்கள், ஒரு தடவை வாத்தியார் குழம்புச் சட்டியில் உட்கார்ந்துவிட்டார். வாயைத் திறந்து எச்சரிக்கலாம் என்றால் இருளாயியோடு பேச்சு கிடையாது. அம்பலத்தின் சம்சாரம் பொன்னழகுதான் முதலில் வழி கண்டாள். அவளும் இருளாயியும் ஒரு காலத்தில் ஒரே வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்தவர்கள். அவள் தன் பசுவைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தவாறே, "ஏ செவலை, உரலைச் சித்த ஓரத்துல போட்டா என்னவாம்? வாரவுக போறவுக கால் ஒடியுதுல்ல?" என்று பசுவிடம் கேட்டாள்.

"செவலை, எங்க வீட்டு உரலு கெடக்குற எடத்துலதான் கெடக்கும்னு சொல்லு. வாரவுக கண்ணு எங்க இருக்கணுமோ அங்க இருந்தா கால் எதுக்கு ஒடியுது?" என்றாள் இருளாயி, பசுவிடம்.

ஊருக்கு இது பிடித்துப்போயிற்று. மாடு இல்லாதவர்கள் வாசலிடம் பேசினார்கள். "வாசலே, பஸ் போயிருச்சா?" என்பார்கள். "இன்னும் வரலன்னு சொல்லு" என்று வாசலிடம் சொல்வாள் இருளாயி. வாசலே ரெண்டு வெங்காயம் இருக்கா, வாசலே எம் பேரனுக்குச் சளி பிடிச்சிருக்கு என்ன கொடுக்கலாம், வாசலே அந்த ரசத்துல என்ன போட்டா இப்படி மணக்குது என்று போகப்போக வாசலுக்கு ஓய்வே இல்லை. மினி பஸ் முருங்கை மரத்துக்கு நேராக நிற்கப் பழகிக்கொண்டது. இருளாயியும் மூலையில் கிடந்த ஊசிப்போன கோபத்தோடு கொஞ்ச நாள் உரலை நகர்த்தாமல் இருந்துவிட்டு, பிள்ளைத்தாச்சி ஒருத்தி தடுக்கி விழப்பார்த்த அன்று வேண்டா வெறுப்பாக நகர்த்திப் போட்டாள்.

ஆனால் பின்னால் நடப்பதில் ஒரு சங்கடம் இருந்தது, அது மெதுவாகத்தான் ஊருக்குத் தெரிந்தது. ஒரு வீட்டிலிருந்து நேராக நடந்து போகிறவன் முதுகைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறான், அவனுக்குத் தொல்லையில்லை. பின்னால் நடந்து போகிறவன் அந்த வீட்டையே பார்த்துக்கொண்டு போகவேண்டும். அந்த வீட்டுக்காரி பின்கதவில் தனியாக நிற்பதை, அவள் தலை நரைத்துவிட்டதை, சுவரில் மாட்டியிருக்கும் சடையனின் பச்சைத் துண்டை, போகிற தூரம் முழுக்கப் பார்த்துத்தான் ஆகவேண்டும். கண்ணால் பார்க்கக் கூடாது என்று தள்ளிவைத்தவளை ஊர் காலையிலும் மாலையிலும் பார்த்துக்கொண்டே இருந்தது.

இப்படியிருக்கும்போது அம்பலத்தின் மகள் செல்லமணிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வலசைப்பட்டிக்காரன். சுக்காங்கோட்டைக்கு வரும் மாப்பிள்ளை கோட்டை வாசலில் வலது காலை வைத்து நேராக நுழையவேண்டும், பெண்ணின் அப்பன் எதிரே நின்று கையைப் பிடித்து அழைத்து வரவேண்டும், அதுதான் முறை. மாப்பிள்ளையைப் பின்னால் நடந்து வரச் சொன்னால் வலசைப்பட்டிக்காரர்கள் அப்படியே பின்னால் நடந்து ஊருக்குப் போய்விடுவார்கள். ஊர்க்கட்டை நீக்கினால் எல்லாம் சரியாகும். கட்டு நீங்கவேண்டுமானால் இருளாயி விழவேண்டும்.

அம்பலம் ஒரு சாயங்காலம் பின்னால் நடந்தே அவள் வீட்டுக்கு வந்து, கொல்லையில் அவளுக்கு முதுகைக் காட்டி ஒரு கல்லில் உட்கார்ந்தார். அவளும் கீரையை ஆய்ந்துகொண்டு அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"வாசலே, ஒரே ஒரு தடவ விழுந்து எந்திரிக்கச் சொல்லு. பிள்ள கல்யாணம். நான் பழசெல்லாம் மறந்துட்டேன்."

"வாசலே, நான் மறக்கலன்னு சொல்லு. எம் புருஷன் இந்த மதில்ல கயித்துல தொங்கிக்கிட்டுப் போனாரு. மாப்பிள்ளையும் அப்படியே கயித்துல வரட்டும்."

அம்பலம் கல்லை விட்டு எழப்போய், மறுபடி உட்கார்ந்தார்.

"அப்ப என்னதான் வேணுமாம்?"

"அவரு இந்த வாசல் வழியாப் போகணும். நாலு பேரு தோள்ல, நேரா, ஊரு கூட வர. அதுக்கப்புறம் உங்க மாப்பிள்ளை வரட்டும், மந்திரி வரட்டும், யாரு வந்தாலும் நானே ஆரத்தித் தட்டெடுத்து ஆலம் சுத்துறேன்."

"எரிச்சுச் சாம்பலாக்கி எம்புட்டு நாளாச்சு! ஆள் எங்க இருக்கு தூக்குறதுக்கு?"

"பாடை கட்டலாம்ல. அவரு துண்டு இருக்கு."

"கல்யாண வீட்டுக்காரன் பாடை தூக்கவா? உனக்கென்ன பைத்தியமா?" என்று, பேசக் கூடாது என்பதையும் மறந்து அவளிடமே நேராகக் கத்திவிட்டு அம்பலம் எழுந்தார். கோபமாகக் கிளம்புகிறவர் விசுக்கென்று திரும்பிப் போனால்தான் கோபத்துக்கு அழகு. அவருக்கோ கொல்லையிலிருந்து பின்னால் நடந்து நடுவீட்டைத் தாண்டவேண்டியிருந்தது. கீரையை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டே பின்கதவைத் தாண்டினார், பார்த்துக்கொண்டே நடுவீட்டைத் தாண்டினார், முன்கதவைத் தாண்டித் தெருவில் நின்றபோதும் இரண்டு கதவுக்கும் நேரே அவள்தான் தெரிந்தாள். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

கல்யாணத்தன்று காலையில் வலசைப்பட்டிக்காரர்கள் நாதஸ்வரமும் தவிலுமாக வாசலுக்கு வெளியே வந்து நின்றுவிட்டார்கள். உள்ளே இருளாயி வீட்டு முன்னால் ஊரே பட்டுடுத்தி நின்றது. யார் முதலில் எந்தப் பக்கம் திரும்பி நடப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. வெளியே தவில்காரர் வாசித்து வாசித்து அலுத்துப் போய் நிறுத்திவிட்டார். அப்போது வீரணன் அம்பலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, இருளாயியின் வாசற்படியில் நேராகக் காலை வைத்து, நேராக ஏறி, நேராக அவள் முன்னால் போய் நின்றார்.

"மூங்கில் இருக்கா?" என்று கேட்டார்.

"வெட்டிக் காயப்போட்டு வச்சிருக்கேன்" என்றாள் இருளாயி.

கல்யாணப் பந்தலுக்கு ஓலை முடைந்த கைகளே பாடையும் கட்டின. பச்சைத் துண்டை நடுவில் விரித்துக் காற்றில் பறக்காமல் முடிச்சுப் போட்டார்கள். மாலை வேண்டுமே என்றபோது பொன்னழகு சம்பந்திக்கு வைத்திருந்த ரோஜா மாலையில் ஒன்றை எடுத்துக்கொடுத்தாள். முன்னால் ஒரு தோளுக்கு அம்பலம், மற்றொரு தோளுக்கு வாத்தியார், பின்னால் பால்காரரும் பூசாரியும். துண்டின் கனம்தான் இருந்தது பாடையில், ஆனாலும் நாலு பேரும் ஆளைத் தூக்குவதுபோல முக்கித்தான் தூக்கினார்கள். நடுவீட்டைத் தாண்டினார்கள், கொல்லையில் இறங்கினார்கள். பொங்கல் அன்றைக்கு இருப்பதுபோல ஊர் வாயைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தது, நேராக.

வாசலில் குனிந்தார் அம்பலம். இரண்டு கையும் மூங்கிலில் இருந்தன.

ஊர் முழுக்க அதைத்தான் எதிர்பார்த்து மூச்சைப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்ள யாரும் இல்லை. கல்யாணத்துக்கென்று எடுத்த புதுப் பட்டு வேட்டி, கஞ்சி மொடமொடப்பு போகாதது, ஒரு நெளிவு நெளிந்து, இடுப்பைவிட்டு நழுவி, அவர் காலடியில் போய் உட்கார்ந்தது. பச்சைக்கோடு போட்ட அதே டவுசர்.

அம்பலம் அசையவில்லை. பாடையை இறக்கவும் கூடாது. ஊர் கன்னத்தைக் கடித்தது. வெளியே வலசைப்பட்டிக்காரர்கள் கண் விரிய நின்றார்கள். இருளாயி பின்கதவில் நின்றிருந்தாள். அழுகைதான் வருகிறது என்று நினைத்து முந்தானையை வாயில் வைத்தாள். முந்தானையைத் தள்ளிக்கொண்டு வந்தது சிரிப்பு. முதலில் மூக்கால் வந்து, பிறகு வாயால் வந்து, பிறகு இரண்டு கையாலும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் எங்கேயோ ஒரு நாய் எழுந்து உட்கார்ந்தது. பொன்னழகு தாங்கவில்லை, புருஷனென்றும் பாராமல் சிரித்தாள். பூசாரி சிரித்து மூங்கிலைத் தவறவிடப் பார்த்தார். வருஷக்கணக்காகக் கன்னத்துக்குள் அடக்கிவைத்ததையெல்லாம் ஊர் அன்றைக்குச் சிரித்துத் தீர்த்தது. கடைசியில் அம்பலத்தின் முதுகும் குலுங்கியது. பாடை தோளில் ஆட, அதன்மேல் பச்சைத் துண்டும் ஆட, "போய்ட்டு வாடா சடையா" என்று சொல்லிக்கொண்டே அவர் டவுசரோடு வாசலைத் தாண்டினார்.

வெளியே மாப்பிள்ளையின் தாய்மாமன் கையைத் தட்டினார். "எதிர்க்கப் பாடை வருதுப்பா! இதவிட நல்ல சகுனம் எவனுக்குக் கெடைக்கும்? வாசிங்கய்யா!" என்று அவர் சத்தம் போட, தவில் முழங்க, சடையனுக்குக் கெட்டிமேளத்தோடு வழி விட்டார்கள். அவன் போன வாசலில் மாப்பிள்ளை வலது காலை வைத்து நேராக உள்ளே வந்தான். இருளாயிதான் ஆலம் சுற்றினாள். புருஷன் இல்லாதவள் சுற்றலாமா என்று கேட்க அங்கே யாருக்கும் சிரித்த மூச்சு திரும்பியிருக்கவில்லை.

மறுநாள் விடிந்து அவள் பின்கதவைத் திறந்தபோது முருங்கை மரத்துக்குப் பின்னால் மதில் இருந்தது. குதிரையும் குளவியும் பலகையும் பழைய இடத்துக்கே போய்விட்டன. காலடிகள் பட்டுப் பட்டு வழுவழுவென்றாகிவிட்ட ஒற்றையடிப் பாதை மட்டும் அவள் வீட்டு நடுவே ஓடிப்போய் மதிலில் முட்டிக்கொண்டு நின்றது. வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. அவள் உரலை நகர்த்திப் பழைய இடத்தில் போட்டாள். பிறகு என்ன தோன்றியதோ, கூடையை எடுத்துக்கொண்டு முன்கதவைச் சாத்திவிட்டு, கட்டு விழுந்ததிலிருந்து நடக்காத தெருவில் நடந்து, கோட்டை வாசலுக்குப் போனாள். குனிந்தாள். ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எல்லோரையும்போல நுழைந்தாள்.

வெளியே கிளம்புகிறவர்களை எங்கே போகிறாய் என்று பின்னாலிருந்து கேட்கக் கூடாது, போகிற காரியம் விளங்காது என்பார்கள். மற்ற நாளாயிருந்தால் இருளாயியே அப்படிக் கேட்டவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

"இருளாயி மதினி! எங்கன கெளம்பிட்டீக?" என்று பொன்னழகு பின்னாலிருந்து கத்தினாள். பக்கத்தில் பசு இல்லை.

இருளாயி வாசலுக்கு நடுவிலேயே நின்றாள். திரும்பினாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, சந்தைக்குப் போவதையும், கத்தரிக்காய் வாங்கப்போவதையும், அங்கிருந்து ஆத்தங்கரைக்குப் போய் புருஷனை எரித்த இடத்தில் ஒரு விளக்கு வைத்துவிட்டு வருவதையும், திரும்ப எந்த பஸ்ஸில் வரலாம் என்றிருக்கிறாள் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள். பின்னால் வெளியே போக வந்தவர்கள் வரிசையாக நின்றுவிட்டார்கள். யாரும் அவளை நகரச் சொல்லவில்லை.